அஞ்சடிக் காற்று

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சித்தியவானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இரவு பத்து மணியைக் காதால் அறிந்தவர்கள். ஸ்டோர் பக்கத்து ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நிற்கும், லயத்தின் விளக்குகள் எல்லாம் ஒரே கணத்தில் அணையும், யாரோ ஒரு பையன் “போச்சு!” என்று கத்துவான், தினமும் போகிற கரண்டுக்குத் தினமும் கத்துவதில் அவனுக்கு அலுப்பே வந்ததில்லை, பிறகு பள்ளத்துத் தவளைகள் ஆரம்பிக்கும். அந்த இருட்டில் பாய் விரித்துப் படுத்தவராக நீங்கள் இருந்தால், அடுத்து வரும் சத்தமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் விலகும், மரக்கதவு முனகும், பின்பு அஞ்சடி என்ற முன்வாசல் திண்ணையில் பெண்கள் வந்து உட்காருவார்கள்.

எங்கள் தோட்டம் ஆயர் தாவார் பக்கம் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. அம்மாவுக்கு 50 வயதுக்கு ஒன்றிரண்டு குறைவு. பகலெல்லாம் சட்டைக்கு மேல் சட்டை போட்டுப் பால்மரம் வெட்டியவர், அந்த நேரத்தில் ஒரு பாத்தேக் கைலியும் மெல்லிய ரவிக்கையுமாக சிமெண்டுத் தரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். கையில் நாலாக மடித்த ‘தமிழ் நேசன்’. அப்பா காலையில் நாட்டு நடப்பு அறிய வாங்கிய பத்திரிகை ராத்திரியில் அம்மாவுக்கு விசிறி. மறுநாள் அதுவே நெத்திலி மடிக்கப் போகும். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனபோது, அதன் தலையங்கங்களைப் பற்றியும் அதில் எழுதி வளர்ந்தவர்களைப் பற்றியும் பலர் எழுதினார்கள், எல்லாம் உண்மை. எனக்கு மட்டும் அது வீசிய காற்றுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

இடது பக்கம் தண்டல் வீட்டு அத்தை, வலது பக்கம் கடைசி வீட்டுப் பெரியம்மா, சில ராத்திரி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் ஆயாவும். எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயது. பெரியம்மாதான் பேச்சைத் தொடங்குவார்.

“என்னா தங்கச்சி, இன்னைக்கும் ஏறிடுச்சா?”

“நெஞ்சுல ஆரம்பிச்சு மொகத்துக்கு ஏறுதுக்கா. மண்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. அஞ்சு நிமிசத்துல அடங்கிடுது, அப்புறம் பாரு, குளிருது.”

“எனக்கு மூணு வருசமா இதே கதைதான். போயிரும். போகாம எங்க போவுது?”

இந்தப் பதிலில் மருத்துவம் எதுவும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் அம்மாவின் விசிறி கொஞ்சம் மெதுவாகும். உள்ளே பாயில் படுத்தபடி பலகை இடுக்கு வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போது 15 வயது. அந்த வயதில் அம்மா என்பவர் வயது ஏறாதவர், உடம்பு என்று ஒன்று இல்லாதவர். பிறக்கும்போதே அம்மாவாகப் பிறந்தவர். பெரியவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டு வெளியே உட்காருவது ஏதோ நடுநிசி ரகசியத்துக்காக என்று நான் உறுதியாக நம்பினேன். திருடன் பிடிக்கும் தொடர்கதைகள் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ரகசியம் இருந்தது உண்மைதான். அது இத்தனை வருடம் கழித்து எனக்கும் வரப்போகிற ரகசியம்.

இப்போது 55ஐத் தொடும் வயதில் அந்த ராத்திரிகளை எனக்குள்ளிருந்தே படிக்க முடிகிறது. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் சூல்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறிய பகுதி. உடம்பின் சூட்டை அளந்து ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. சாதாரண நாளில் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. மரத்தில் பட்டை ஒரு நூல் ஆழமாக வெட்டுப்பட்டாலும் நிரை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடும் தண்டலாக மாறிவிடுகிறது. துளி சூடு கூடினாலும் உடம்பு எரிவதாக எண்ணி, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வேர்வையைத் திறந்துவிடுகிறது. நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் அனல் அதுதான். எல்லாம் சில நிமிடங்கள். வேர்வை சூட்டைக் கொண்டுபோன பிறகு வரும் நடுக்கம்தான் அம்மா சொன்ன குளிர்.

குளிர் நாட்டுக்காரிக்கு இது வந்தால் சன்னலைத் திறந்தால் போதும். எங்கள் மஞ்சோங் கரையோரத்தில் நடுராத்திரியிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். லூமுட் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருக்கும். வேர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு ஆறும். ஈரக் காற்றில் அது போக வழியில்லாமல் தோலிலேயே நிற்கும். அதனால்தான் தலையணை உறை நனைந்து, பாய் நனைந்து, அவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். அஞ்சடியின் சிமெண்டு பகலில் ரப்பர் மர நிழலில் கிடந்தது. ராத்திரியில் முதுகு வைத்தால் சில்லென்று இருக்கும். அதன் அருமை அந்த முதுகுகளுக்குத் தெரிந்திருந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. குளிர்ந்த வேளையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் நிறைந்திருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அந்தக் கணக்கை மரத்துக்காக வைத்தார்கள். அது அந்த வயதுப் பெண்களுக்கும் ஒத்துவந்தது, யாரும் திட்டமிடாமல். தூங்காத ராத்திரிக்குப் பிறகு பனி சொட்டும் ரப்பர்த் தீம்பாரில் நுழையும்போது கிடைக்கும் அந்த ஒரு மணி நேரக் குளிர்ச்சியைப் பற்றி அம்மா பின்னாளில் சொல்லும்போது அவர் முகம் மலரும். சுகம் அதுவரைதான். கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் புகையும் கொசுவத்தி, காலில் சப்பாத்து. அந்தக் கோலத்தில் நிரையின் நடுவே அனல் ஏறினால் என்ன செய்வது? மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். அடங்கியதும் அடுத்த மரம். பத்து மணிக்கு மேல் மங்குகளைச் சேகரித்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளேற்றி, நிறுவைக்கு நடப்பார்கள். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது: மரத்துக்கு, பாலுக்கு, ஒட்டுப்பாலுக்கு, வராத நாளுக்கு. பிள்ளை பெற்றவளுக்கு 60 நாள் விடுப்பு என்று 1955ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்திலேயே எழுதினார்கள், 2023 முதல் அது 98 நாளாக உயர்ந்திருக்கிறது, நல்ல காரியம். பிள்ளைப்பேறு முடிந்த உடம்பு படும் பாட்டுக்கு அன்றும் ஒரு வரி இல்லை, இன்றும் இல்லை.

தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரிடம் போனால் சத்து மாத்திரை கிடைக்கும். மற்றதெல்லாம் கை வைத்தியம். ராத்திரி ஊறவைத்த வெந்தயம், மோர், இளநீர், கொல்லைப்புறத்துச் சோற்றுக் கற்றாழை. சம்பளத்துக்கு மறுநாள் சித்தியவானுக்கோ கம்போங் கோவுக்கோ போகும்போது அம்மாவும் பெரியம்மாவும் ஒரு சீனர் மளிகைக் கடையில் நின்றுவிடுவார்கள். 1903இல் கப்பலேறி வந்து இங்கே குடியேறிய ஃபூச்சோ மக்களின் வழியில் வந்த குடும்பம். கடைக்கார ஆச்சிக்கும் அதே வயது. மூவருக்கும் பொதுவான மொழி பாசார் மலாய். அதிலும் பாதி கைச்சாடை. கழுத்தில் கைவைத்து “பானாஸ்” என்று அம்மா சொன்னால் போதும், ஆச்சி தன் கழுத்திலும் கை வைத்துக் காட்டிச் சிரிப்பார், பார்லி ஒரு பொட்டலமும் காய்ந்த செவ்வந்திப்பூ ஒரு பொட்டலமும் கட்டித் தருவார். மூன்று பெண்கள் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஒரே வேர்வையைத் துடைத்துக்கொண்ட அந்தக் காட்சி தந்ததை ஒற்றுமை பற்றிய எந்தச் சொற்பொழிவும் எனக்குத் தரவில்லை. மாலையில் மோட்டாரில் வரும் தவ்ஃபூஃபா என்ற சோயா இனிப்பு அம்மாவுக்குப் பிடித்த பண்டம். சோயாவில் ஈஸ்ட்ரோஜனை லேசாக ஒத்த பொருள்கள் இருப்பதையும், சிலருக்கு அது சிறிது உதவலாம் என்பதையும், ஆராய்ச்சிகள் இன்னும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் நான் வெகு காலம் கழித்துப் படித்தேன். அம்மா அது இனிப்பாகவும் வழுவழுப்பாகவும் இருந்ததற்காகச் சாப்பிட்டார்.

அந்தப் பருவத்துக்கு ஒரு வெளிச்சமான பக்கமும் இருந்தது. மாசி மகத்துக்குப் பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு லூமுட்டிலிருந்து படகேற வேண்டும். அதுவரை ஒவ்வொரு வருடமும் விரதம் தொடங்கும்போதே அம்மா விரல் மடக்கித் தேதி பார்ப்பார். மாதவிலக்குத் தேதி வந்து மோதினால் எல்லாரும் போக, அவர் மட்டும் வீட்டில். எல்லாம் நின்று ஓய்ந்த வருடம் அவர் யாரையும் கேட்காமல் பணம் கட்டினார், படகின் முன்பக்கம் உட்கார்ந்தார், தண்டல் வீட்டு அத்தையோடு சேர்ந்து சத்தமாகச் சிரித்தார். 1970களில் மார்ஷா ஃபிளின்ட் என்ற மானிடவியலாளர் வட இந்திய ராஜபுத்திரப் பெண்களிடம் பேசி எழுதியது எனக்கு இங்கே நினைவுக்கு வரும். மாதவிலக்கு நின்ற பிறகு முக்காட்டிலிருந்தும் விலக்கிலிருந்தும் விடுபட்டு ஆண்கள் இருக்கும் முற்றத்திலும் வந்து உட்காரும் உரிமை பெற்ற அந்தப் பெண்கள், உபாதை என்று அதிகம் எதையும் சொல்லவில்லையாம். அம்மாவுக்கு உபாதை இருந்தது. படகின் முன்பக்கமும் கிடைத்தது.

பிறகு எல்லாம் மாறியது, அநேகமாக நல்லதற்கே. ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது. குலை வெட்டும் வேலை ஆண்களுக்குப் போய், பிறகு வெளிநாட்டவர்க்குப் போனது. லயங்கள் காலியாயின. நாங்கள் சித்தியவான் பக்கத்துத் தாமான் ஒன்றில் கல் வீடு வாங்கினோம். பத்து மணிக்கு மின்சாரம் நின்றுபோன இந்த மாவட்டத்தின் கடலோரத்தில், மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவில், தலா 700 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளோடு ஒரு பெரிய நிலக்கரி மின்நிலையம் எழுந்தது; 2015இல் 1,000 மெகாவாட்டில் இன்னொன்று, 2017இல் மற்றுமொன்று. ஒரு விசிறிக்கு வழியில்லாமல் பத்திரிகை மடித்த பெண்களின் பிள்ளைகளான நாங்கள் இன்று நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் ஊரில் அறைக்கு ஒரு ஏர்கோன் வைத்திருக்கிறோம். எனக்கு அனல் வரத் தொடங்கியபோது அதன் ரிமோட் என் தலையணைக்கடியில் குடியேறியது. நான் 18 டிகிரிக்கு இறக்குவேன்; கணவர் இரண்டு போர்வைக்குள் போய்ச் சுருண்டு, “இது பேராக்கா, கேமரன் மலையா?” என்று கேட்பார், ஐந்து நிமிடத்தில் எனக்குக் குளிரெடுத்து, அவருடைய போர்வையில் ஒன்று என் பக்கம் வந்துவிடும்.

இத்தனை வசதிக்கு நடுவிலும் அந்த நடுராத்திரியில் ஒன்று குறைந்தது. ஏர்கோனுக்காகக் கதவும் சன்னலும் அடைத்தாயிற்று. வாசலில் இரும்புக் கேட்டு, அதற்கொரு பூட்டு. வீட்டின் முன்பக்கம் காடி நிற்கும் இடமாகிவிட்டது. எதிர் வீட்டு மாடியிலும் இரண்டு மணிக்கு ஒரு கைப்பேசி வெளிச்சம் தெரியும். என் வயதுதான் அந்த அக்காவுக்கும். இருவரும் ஒரே வேர்வையோடு விழித்திருந்தோம், தனித்தனியாக, கண்ணாடிக்குப் பின்னால். கைப்பேசியில் ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை: பூண்டு, பனங்கற்கண்டு, மூச்சுப் பயிற்சி, ஒரு டப்பா 200 வெள்ளிக்கு ஏதோ ஒரு பொடி. “என்னா தங்கச்சி, இன்னைக்கும் ஏறிடுச்சா?” என்று கேட்க மட்டும் ஆளில்லை. ஒரு சனிக்கிழமை காலை நான் அந்த அக்காவின் கேட்டைத் தட்டி அதைக் கேட்டேன். அவர் கேட்டைப் பிடித்தபடியே சிரித்தார், பிறகு கண் கலங்கினார். இப்போது வாரத்தில் சில ராத்திரிகள் எங்கள் வீட்டுக் காடி வெளியே நிற்கிறது. அதன் இடத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்துச் சந்திலிருந்து இன்னும் இருவர் வருகிறார்கள்.

அம்மாவின் அஞ்சடிக்குக் கிடைக்காத சில செய்திகள் இந்த நாற்காலிகளுக்குக் கிடைத்திருக்கின்றன. 2015இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, அடிக்கடி அனல் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருடத்துக்கும் மேல் நீடிக்கிறது என்று காட்டியது. ஆகவே பெரியம்மாவின் “போயிரும்” உண்மைதான், ஆனால் அதுவரை பல்லைக் கடித்துக் காத்திருக்கும் கட்டாயம் இப்போது இல்லை. ஹார்மோன் சிகிச்சைதான் இதற்கு மிகவும் பலன் தருவது. அதைக் கேட்டதும் பயப்படுகிறோம் என்றால் காரணம் இருக்கிறது. 2002 ஜூலையில் அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றை இடையிலேயே நிறுத்தினார்கள். இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய், வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக வந்திருந்தது. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைக் கீழே வைத்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அந்தப் பரபரப்பில் பலர் காதில் ஏறவில்லை. பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற, வேறு தடை இல்லாத பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் அது பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்துகள் இருக்கின்றன. மூளையின் அந்தச் சூடு பார்க்கும் பகுதியிலேயே வேலை செய்யும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 200 வெள்ளிப் பொடி விற்பவர் சொல்ல முடியாது.

கைக்கு எட்டும் காரியங்களும் உண்டு. பருத்தி உடுப்பு, கழற்றிப் போட வசதியாக இரண்டு அடுக்கு. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு விசிறியும் குளிர்ந்த தண்ணீரும் மாற்று உறையும். சூடான கோப்பியும் காரமும் மதுவும் யாருக்கு அனலைக் கிளப்புகின்றன என்று அவரவர் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு வரக்கோப்பி, எதிர் வீட்டு அக்காவுக்குச் சம்பால். உடல் எடை அதிகமிருந்தால் கொஞ்சம் குறைப்பதும், புகைப்பவர் விடுவதும் உதவும். மனத்தைப் பழக்கும் சிகிச்சை அனலை நிறுத்தாவிட்டாலும் அது தரும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குறைக்கிறது. ராத்திரி வேர்வையோடு காய்ச்சல், எடை இழப்பு, நீங்காத இருமல் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். மாதவிலக்கு நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். அம்மா காலத்துப் பெண்கள் இதைத்தான் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். கடைசி வீட்டுப் பெரியம்மா அப்படித்தான் பிந்தி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அஞ்சடியில் அனலைப் பற்றிப் பேசிய வாய், உதிரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த அஞ்சடியை நினைத்து ஏங்கும்போதெல்லாம் இந்தப் பெரியம்மாவையும் சேர்த்தே நினைக்கிறேன். அவர்களுக்குத் துணை இருந்தது, மருந்து எட்டவில்லை. நமக்கு மருந்து எட்டுகிறது, துணையை நாமே கதவடைத்து அனுப்பிவிட்டோம். இரண்டையும் ஒரே வாசலில் வைத்துக்கொள்ள நமக்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

ஆகவே சகோதரிகளே, அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. போய் உட்காருங்கள். “சர்க்கரை பார்க்க வந்தேன்” என்று சுற்றி வளைக்காமல், எத்தனை மாதமாக மாதவிலக்கு இல்லை, ராத்திரியில் எத்தனை தடவை நனைந்து எழுகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் ஆண்களே, பிள்ளைகளே, நடுராத்திரியில் அம்மா எழுந்து உட்கார்ந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள்.